சில்லு

எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் மாட்டி
டாக்டர் விரல் வைத்தபோதுதான் தெரிந்தது,
முட்டி மேல் மிதக்கிற அந்த எலும்புக்கும்
சில்லு என்றுதான் பேர்.
பாண்டி ஆட்டத்தில் கோட்டைத் தாண்டி விழுந்தால்
அவுட்டு.
எனக்கு இதுவரை அஞ்சு அவுட்டு.

முதல் தடவை எம்.சி. ரோட்டில், கடைக்குள்ளே.
முகூர்த்தப் பட்டுக் கட்டோடு திரும்பினேன்.
உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை.
கடைசித் தடவை போன மாசம்,
அடிபம்பில் குடத்தைத் தூக்கக் குந்தி எழும்போது.
சகாயமேரி ஓடிவந்து காலை நீட்டிவிட
டக்கென்று தானே உள்ளே போனது.
தண்ணிதான்
அடுத்தவள் குடத்துக்குப் போயிருந்தது.

"இத்தனை வாட்டி வெளிய வந்தா ஆப்பரேஷன்தாம்மா.
தொடைக்குப் பின்னாலேர்ந்து ஒரு நார் எடுத்து
உள்பக்கமா இழுத்துக் கட்டிருவேன்."
சொல்லிக்கொண்டே சில்லைத் தள்ளப்போனார்.
தள்ளவில்லை. அதற்குள் என் கை
அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.
"இதான் டெஸ்ட்டு" என்றார்.

கீழே பிசியோ ரூமில் பர்ஹானா மேடம்
துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்தார்.
"அமுக்கு. பத்து எண்ணு. விடு."
முட்டிக்கு உள்பக்கம், சற்று மேலே,
கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு தசை இருக்குமாம்.
எனக்கு அது வற்றிக் கிடக்கிறதாம்.
"மூணு மாசம் குடு. அப்புறம் கத்தியப் பத்திப் பேசு."

கத்தி என்றால்
ஆறு வாரம் லீவு, சம்பளம் கிடையாது,
ஹவுசிங் போர்டு மூணாம் மாடி, கக்கத்தில் கட்டை.
துண்டு என்றால் செலவில்லை.
ஒவ்வொரு படியிலும்
இப்பவா, இப்பவா என்று
காலைக் கேட்டுக்கொண்டே இறங்கணும்,
அவ்வளவுதான்.

பக்கத்துப் பெஞ்சில் லோகேஸ்வரி, பேசின் பிரிட்ஜ், கபடி.
கத்தி வைத்து நாலு மாசம்.
முட்டியோரம் பூரான் மாதிரித் தழும்பு.
அவள் முட்டிக்கடியிலும் அதே துண்டு, அதே பத்து.
"அப்ப எதுக்குடி அறுத்துக்கின?"
"இப்ப வழுக்கல."
ஏழு, எட்டு, ஒன்பது.
"பாத்ரூம்ல மட்டும் இன்னும் செவுத்தப் புடிச்சிக்கினுதான் நிக்கிறேன்."

கடை மூடி வந்து, ராத்திரி
ஒரு கிலோ ரேஷன் அரிசியைப் பையில் போட்டுக்
கணுக்காலில் கட்டித் தூக்குகிறேன்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் போகிறது.
பெட்டிக்கு ஒரு தடவை.
முப்பத்தி நாலில் தொடை நடுங்குகிறது.
வண்டி முடியவில்லை.

ஆப்பரேஷனுக்குத் தேதியும் வாங்கிவிட்டேன்.
சீட்டு அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது.
தினம் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான்
அளக்கிறேன்.