எண்ணெய்த் தாள்

ஹட்டன் ஸ்டேசனில் வாங்கிய நாலு வடையும்
ஓர் ஆங்கில அகராதியின் கிழிந்த பக்கத்தில் வந்தன.
வடை தீர்ந்தது. தாளைக் கசக்க மனம் வரவில்லை.
பெற்றோல் ஷெட், இரவு ஷிஃப்ட்,
மழைக்குப் பயந்து ஒரு வண்டியும் இல்லை.
எண்ணெய் ஊறிய இடங்களில்
மறுபக்க எழுத்தும் மேலே வந்து நின்றது.
'ஒக்' என்று தொடங்கும் சொற்கள்,
எல்லாம் எட்டுக்குப் பிறந்த பிள்ளைகள்.

முதலில் பட்டது நான் தினமும் பிடிக்கும் சொல்.
ஒக்டேன்: எட்டுக் காபன் கைகோத்து நிற்பது.
தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றைந்தா
என்று மூன்று வருடமாய்க் கேட்கிறேன்,
உள்ளே ஓர் எட்டு ஒளிந்திருப்பது
பண்டார முதலாளிக்கும் தெரியாது.

ஒக்டபஸ்: எட்டுக் கால்.
நான் கடல் பார்த்தது ஒரே தடவை, பஸ் யன்னலில்.
மலைக்கு வாய்த்தது அட்டை.
அட்டம் என்றாலும் எட்டுத்தான்,
ஆனால் இதற்கு ஒரு கால்கூடக் கிடையாது,
அதனால்தானோ என்னவோ
எங்கள் கால்களைத் தேடி வருகிறது.

எண்பதுகளில் இருப்பவருக்கென்று
நீளமாய் ஒரு சொல்.
எங்கள் டிவிசனில் அதை யாருக்கு மாட்டலாம் என்று
லயம் லயமாக நடந்து பார்த்தேன், மனத்துக்குள்.
ஆறாம் லயத்துப் பெருமாயி எழுபத்தொன்றில் போனார்.
அவருக்கு மூத்தவர் இல்லை.
சொல் அப்படியே தொங்கியது,
ஆளில்லாத கம்பளிபோல.

தாளின் ஓரத்தில், பாதி எண்ணெயில், ஒக்டோபர்.
எட்டாம் மாதம் என்று போட்டிருந்தது.
சுவரில் கலண்டரைப் பார்த்தேன்:
ஒக்டோபர்தான், பத்தாம் மாதம்.
அகராதி பிழையில்லை.
பழைய ரோமில் வருடம் மார்ச்சில் பிறந்ததாம்,
பிறகு இரண்டு மாதங்கள்
முன்னால் போய் நின்றுகொண்டனவாம்.

இது எனக்கு விளங்கும்.
பெற்றோல் இல்லாத அந்த வருடம்
வரிசை மல்லியப்பு சந்தி தாண்டிப் போனது.
விடியும் முன் துண்டு எழுதிக் கொடுத்தது நான்.
எட்டாம் நம்பர், புவனேந்திரனின் ஆட்டோ.
இரண்டு ஜீப் முன்னால் புகுந்தன.
யாரும் கேட்கவில்லை. நானும்.
பத்தாவதாய் வந்து நின்றான்,
கையில் நனைந்த துண்டில் எட்டு.
"ஒங்க கையெழுத்துத்தானே அக்கா?"
அவன் முறை வருமுன் தாங்கி வற்றிவிட்டது.

அறுபத்து நாலிலும் இதே ஒக்டோபர்.
இரண்டு நாடுகள் மேசை போட்டு
எங்களைப் பங்கு பிரித்தன.
எட்டெட்டு அறுபத்து நாலு,
வாய்ப்பாட்டில் மீதி வராது.
அந்தக் கணக்கில் மட்டும்
ஒன்றரை லட்சம் பேர் மீதி.
அப்பாவின் சித்தப்பா தலைமன்னாரில் கப்பல் ஏறினார்.
இங்கே இந்தியாக்காரன்,
கோத்தகிரியில் இறங்கியதும் சிலோன்காரன்.
இடம் மாறியது,
துண்டில் பழைய நம்பர்.

ஒக்டேவ் மேல் மிளகாய் விதை ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
எட்டாவது சுரம் முதலாவதேதான், கொஞ்சம் உயரத்தில்.
புறப்பட்ட இடத்துக்கே ஏறி வந்து சேர்வது.
அப்படியெல்லாம் நடப்பதில்லை என்றேன் தாளிடம்.

இரண்டரை மணிக்கு மழைக்குள்ளிருந்து ஓர் ஆட்டோ.
புவனேந்திரன், பின் சீட்டில் வயிற்றைப் பிடித்தபடி மனைவி,
டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு.
"எவ்வளவு?" என்றேன்.
"காசு எட்டும் மட்டும் அக்கா."
நனைந்த நோட்டுகளை எண்ணாமல் வாங்கினேன்.
மீற்றர் ஓடியது. ஆறு. ஏழு.
எட்டில் என் விரல் தானாய்த் தளர்ந்தது.
"ஏன் நின்னுருச்சு?"
"ஒண்ணுமில்ல."
மறுபடி அழுத்தினேன்.
ஒன்பது.
பத்து.
அவன் கொடுத்த காசு எட்டுக்குத்தான் இருந்தது.