கண்மதிப்பு

மீட்டர் இல்லாத வீட்டில்
எவ்வளவு மின்சாரம் ஓடியதென்று எப்படித் தெரியும்,
கேட்டேன்.
கண்மதிப்பு, என்றான் ரசீது கொண்டுவந்த பையன்.
கழுத்தில் அட்டை. எங்கள் தெருப் புழுதி
இன்னும் ஏறாத ஷூ.
யார் கண்?
அலுவலகத்தின் கண், அம்மா.

அந்தக் கண்ணை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.
முஷினில், சாக்கடைக்கு இந்தப் பக்கம்,
பதினாறு அறைக்கு ஒரு குழாய் உள்ள வீட்டை
அது எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தது?
போன மாதம் ஒன்பது இரவு வந்தது மின்சாரம்.
வந்த இரவெல்லாம் சுவரில் கரிக்கோடு இழுத்திருக்கிறேன்.
ஒன்பதாவது பாதிக் கோடு.
இழுத்து முடிப்பதற்குள் போய்விட்டது.
ரசீதில் நாற்பத்தேழாயிரம் நைரா.
அதற்கு முந்தையதில் முப்பத்தொன்று.
அப்போது கோடுகள் பதினான்கு.
கோடு குறையக் குறையக் காசு ஏறும் இந்தக் கணக்கை
எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ,
ரமோத்தாவை அங்கே சேர்க்க வேண்டும்.

நான் ஐஸ் கானாங்கெளுத்தி விற்பவள்.
விற்றவள்.
என் ஃப்ரீசருக்குள் இப்போது
ரமோத்தாவின் சீருடை, மரவள்ளி மாவு இரண்டு படி,
நிலப் பத்திரத்தின் நகல்.
நல்ல பெட்டிதான், குறை சொல்லக் கூடாது.
எலி நுழையாது.

புதன்கிழமை வேன் வந்தது,
கட்டாதவர்களின் இணைப்பைத் துண்டிக்க.
மூன்று பேர், ஒரு ஏணி.
மேலே ஏறியவன்
கையுறையைப் பின்பையில் செருகிக்கொண்டு
வெறும் விரலால் கம்பியை அவிழ்த்தான்,
கொடியிலிருந்து துணி எடுப்பதுபோல.

சிக்கிரத்துதான் முதலில் பார்த்தாள்.
ஏண்டா, உனக்கு ஷாக் அடிக்காதா?
தெருவே சிரித்தது.
சிரித்துக்கொண்டிருக்கும்போதே
ஒவ்வொருவர் முகமாக மாறியது.
அவனுக்குத் தெரியும்.
அதில் ஒன்றும் இல்லையென்று
எங்களைவிட நன்றாக அவனுக்குத் தெரியும்.

அவன் இறங்கும்வரை பொறுத்தோம்.
பிறகு வெல்டர் கசாலி ஒரு முனை, நான் ஒரு முனை,
ஏணியை வீட்டுக்குள் கொண்டுபோனோம்.
யாரும் யாரையும் அடிக்கவில்லை.
எழுதிக்கொள்ளுங்கள், யாரும் அடிக்கவில்லை.

பதினோரு நாள் அது எங்களோடு இருந்தது.
பாஸ்டர் வீட்டுக் கூரை ஒழுகல் அடைந்தது.
மசூதிச் சுவருக்கு வெள்ளை ஏறியது.
நான்கு வருடமாகத் தகரத்தின் மேல் கிடந்த
யாருடையதோ ஒற்றைச் செருப்பு கீழே வந்தது.
கம்பெனியிடமிருந்து எங்களுக்குக் கிடைத்ததில்
ஒழுங்காக வேலை செய்த பொருள் அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் அந்த ரசீதுப் பையன்
தனியாக வந்தான். ஷூவில் புழுதி.
ஏணி இல்லாமல் போனால்
சம்பளத்தில் பிடிப்பார்கள், அம்மா.
எவ்வளவு?
கண்மதிப்பு, என்று சொல்லிவிட்டு
தானே சிரித்துவிட்டான்.
ஓஷோடியில் அவன் அறையிலும் ஆறு நாளாக இருட்டாம்.
கசாலி அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.
ஏணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பையன் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து,
படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அன்று இரவு எதிர்ச்சாரிக்கு வந்தது.
'அப் நேப்பா!' என்று குழந்தைகள் கத்தின.
அந்தப் பெயரில் இருந்த நிறுவனம்
இவர்கள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தது.
பலகை மாறி, முதலாளி மாறி,
இன்னும் செத்தவன் பெயருக்கே வாழ்த்து.
கத்தியதில் என் குரலும் இருந்தது.
வெட்கமாகத்தான் இருந்தது.
ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்து
சீருடையைக்கூட வெளியே எடுத்துவிட்டேன்.
அப்புறம்தான் நினைவு வந்தது,
நம் கம்பி தொங்குகிறது.

எதிர் வீட்டு பல்பின் வெளிச்சம்
ஜன்னலேறி என் சுவர்வரை வந்திருந்தது.
கரியைக் கையில் எடுத்தேன்.
இதைக் கோடாக எண்ணலாமா?