தட்ட ஓங்கிய கை

திபிலீசியில் ஒன்பது நாளாக மழை.
ஆற்றுக்கு இந்தப் பக்கம், ரொட்டிக்கடைக்கு மேலே இருக்கும் தியேட்டரில்
பழைய படத்தை மறுபடி போட்டிருக்கிறார்கள்.
கழுவித் துடைத்த பிரதியாம்.
போஸ்டரில் கோவேறு கழுதைக்குக்கூட வயது குறைந்திருந்தது.

நான் அதை ஏழு முறை பார்த்தவன்.
எல்லாம் போனில். வேனில் தொங்கிக்கொண்டு,
ஒருமுறை பல் டாக்டர் வாசலில், சத்தத்தை நிறுத்தி.
வசனம் மனப்பாடம்.
பிறகு எதற்கு நனைந்துகொண்டு வரிசையில் நின்றேன்
என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எனக்கு முன்னால் நின்றவர் லமாரா. பெயர் பிறகுதான் தெரியும்.
கவுண்டர் துளைக்குள் ஒரு சீட்டை நீட்டினார்.
நீலம். ஓரம் கிழிந்தது.
தொண்ணூற்று மூன்று, ஜனவரி.
“பாதிப் படம் பாக்கி இருக்கிறது” என்றார்.

தோர்னிகே பிறப்பதற்கு முந்திய சீட்டு அது.
திருப்பிப் பார்த்தான். கணினியைப் பார்த்தான்.
“இதில் பார்கோடு இல்லையேம்மா.”
“எங்களுக்குக் கரண்டே இல்லை, பார்கோடுக்கு எங்கே போவது?”
வரிசை சிரித்தது.
அவன் கதவைக் காட்டிவிட்டான்.

அந்தக் குளிர்காலத்தில்
விளக்கு எப்போது வரும் என்று விளக்குக்கே தெரியாதாம்.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.
எல்லார் மூச்சும் புகையாக எழும்பி
ஒளிக்கற்றைக்குள் புகுந்து திரைக்குப் போனதாம்.
தபால்காரன் மலையேறி, கழுதையைப் பறிகொடுத்து,
அந்த வீட்டு வாசலுக்கு வந்து
தட்டுவதற்குக் கை ஓங்கினான்.

போய்விட்டது.

ஒரு மணி நேரம் பார்த்தார்கள்.
யாரோ இருமினார்கள், யாரோ தீக்குச்சியைக் கிழித்து அணைத்தார்கள்,
பிறகு சுவரைத் தடவித் தடவி வீட்டுக்கு.
முப்பத்திரண்டு வருடம்
அந்தக் கை இறங்கவில்லை.

“போனிலேயே பார்த்திருக்கலாமே” என்றேன்.
“பாக்கியை அந்தந்தக் கடையில்தான் வசூலிக்கணும்.”

இருட்டியது.
இடது ஓரத்தில், தூரத்து மாடியில்,
ஒருத்தி போர்வையை உதறிக்கொண்டிருந்தாள்.
என் போனில் அவள் தூசி.
எத்தனை முறை விரலால் துடைத்திருக்கிறேன்!
கழுதை தும்மியபோது முன்னூறு பேர் சிரித்தார்கள்.
அது சிரிக்கிற இடம் என்று
தனியாகப் பார்த்த ஏழு தடவையும்
எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசி வளைவு. பனி. கதவு.
கை உயர்ந்தது.
சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் நின்றது.
அரங்கில் நரைத்த தலைகள் மட்டும்
சொல்லிவைத்தாற்போல் பின்னால் திரும்பின,
சுவரில் இருக்கும் அந்தச் சின்னச் சன்னலை நோக்கி,
வெளிச்சம் வருகிறதா என்று.
முடிவு தெரிந்த நானும் திரும்பினேன்.

வந்துகொண்டிருந்தது.

தட்டினான். இரண்டு தட்டு.
போனில் அது யாரோ நகத்தால் சுண்டுவது.
இங்கே என் நாற்காலிக்கு அடியில் கேட்டது.
“யாரது?” என்றார் லமாரா, வாய்விட்டு.

திறந்தவள் கையெல்லாம் மாவு.
“சீக்கிரம் சாத்து, குளிர் உள்ளே வருது.”
இதற்கா.
இதற்குத்தான்.

வெளியே வந்தும் அவருக்கு ஆறவில்லை.
“அந்தக் கதவுக்குப் பின்னால்
பதினோரு பேரை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்துவிட்டேன்.
சிப்பாய், பிணம், வெறும் அறை,
ஒருமுறை என்னையே.
மாவுக்கை மட்டும் தோன்றவே இல்லை.”
கோபமா சந்தோஷமா, எனக்குப் புரியவில்லை.
குடையை விரிக்கப் போனவர்
மடக்கிக்கொண்டு கவுண்டருக்கே திரும்பினார்.

“நாளைக்கு இரண்டு. காசு கொடுத்து.
அன்றைக்குக் கரண்ட் போனதுகூடத் தெரியாமல்
என் தோளில் தூங்கியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார்.”
“எந்த இருக்கை?”
“தூணுக்குப் பக்கத்தில்.”
“தூணை எடுத்துவிட்டார்களேம்மா.”
“இருந்த இடத்தில் போடு.”