இருவர் கேட்டால்

ஏப்ரல். எஸ்தோனியக் காட்டுக் குழிகளில்
இன்னும் பனி.
வேனிலிருந்து பதினொரு பேர் இறங்கினோம்,
தார்த்து நகரப் பறவைக் கழகம்,
எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

மரங்கொத்தி எளிது.
பட்ட மரத்தில் அது தட்டினால்
நெஞ்சுக்கூட்டிலேயே கேட்கும்.
மாரிக்கா குறித்துக்கொண்டார்: கருப்பு, ஒன்று.

பொன்முடிச் சிட்டுதான் சிக்கல்.
ஐந்து கிராம் உடம்பு, ஸ்ப்ரூஸ் உச்சியில் இருப்பு.
கண்ணில் படாது; குரல்தான் சாட்சி.
அந்தக் குரலோ ஊசிமுனையைவிட மெல்லிசு.

நின்றோம்.
கருப்பு ரொட்டி மெல்வதைக்கூட நிறுத்தினோம்.
ஊர்மஸ் காதுக்கருவியைத் திருகினார்;
அது தானே ஒருமுறை கீச்சிட்டது.
ஒரு கணம் ஆறு பேர் முகத்தில் வெளிச்சம்.

"இந்த வருஷம் வரவில்லை போல" என்றார் ஹெல்வி.
போன வருஷமும்
அதையேதான் சொன்னோம்.

வேன் கதவில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்த
ஓட்டுநர் பையன் ராய்கோ கேட்டான்:
"மேலே ஸீ ஸீ ஸீ என்று கத்துகிறதே,
வந்ததிலிருந்து,
அது என்ன?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இருவர் கேட்டால்தான் பதிவு, கழக விதி.
மாரிக்கா பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு
காத்திருந்தார்.

"எனக்கும் கேட்கிறது" என்றார் ஊர்மஸ்,
மரத்தைப் பார்க்காமல்
பையனின் உதடுகளைப் பார்த்தபடி.