மூன்று மாத வில்லை

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி.
அந்தப் பக்கம், வருடத்துக்கு நான்கு முறை,
நோரீன் கில்ஹூலி.

லீட்ரிம் மழை அவள் கோட்டிலிருந்து சொட்டும்.
பாரம் நனையாமலிருக்கக்
கையை எட்டி நீட்டித் தள்ளுவாள்.
ஆக்டேவியா, இரண்டாயிரத்து ஆறு,
டீசல், சாம்பல் நிறம்.
எண்ணை அவள் சொல்லுமுன்
என் விரல் தட்டி முடித்திருக்கும்.

முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால்
கொஞ்சம் மிச்சம் என்று
முதல் தடவை சொன்னேன்.
"மிச்சம் பிடிக்கவும்
கையில் காசு வேணுமே" என்றாள்.
அப்புறம் நான் சொல்வதில்லை.
சுவரொட்டி சொல்லிக்கொண்டிருக்கிறது.

விதி சிக்கலில்லை.
புது வண்டியா, அது விடும் புகையை அளப்போம்.
பழசா, எஞ்சினின் வயிற்றை அளப்போம்.
எத்தனை மைல் ஓடியது என்று கேட்க
எங்கள் கணினியில் கட்டம் கிடையாது.

போன வாரம் ஒரு கணக்காளர் வந்தார்.
மின்சாரக் கார். தினமும் டப்ளின் போய்த் திரும்புகிறார்.
போனிலேயே கட்டிவிட்டாராம்,
ரசீதில் ஓர் எழுத்துப் பிழை.
நோரீன் கட்டுவதில் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய.
நல்ல மனிதர். கதவைப் பிடித்து நின்று
பின்னால் வந்தவரை உள்ளே விட்டார்.
அவர் போனது எனக்குக் கேட்கவேயில்லை.

நோரீன் வீடு வீடாகப் போகிறவள்.
குளிப்பாட்ட, மாத்திரை எடுத்துவைக்க,
குனிய முடியாதவர்களுக்குக் காலுறை மாட்ட.
டிரம்கீரன் மேட்டில் ஒன்பது வீடுகள்.
பேருந்து வியாழக்கிழமை மட்டும்,
அதுவும் அதற்கு மனசு வந்தால்.

ஒன்பதில் ஒன்று என் அண்ணன் வீடு.
கல்குவாரி டெக்லனின் நுரையீரலை
முக்கால்வாசி எடுத்துக்கொண்டது.
ஜன்னலோரம் ஆக்சிஜன் இயந்திரம்,
மூக்கில் குழாய்.
அவன் சொல்லித்தான் தெரியும்:
வளைவிலேயே எஞ்சினை அணைத்துவிடுவாளாம்.
பிரேக்கை இறுக்கி இறுக்கி விட்டு,
சரிவில் உருண்டு வந்து
வாசலில் நிற்குமாம் வண்டி,
பூனை மாதிரி.

திரும்பும்போது மேடு. வழியில்லை.
அப்போது அவன் ஜன்னலைச் சாத்திக்கொள்வான்.
சாத்திக்கொண்டு
கண்ணாடி வழியே கையசைப்பான்.

இந்தத் தடவை தொகை கூடியிருந்தது.
படித்தாள். மறுபடி படித்தாள்.
"பழைய இரும்புக்காரன் நூற்றைம்பது தர்றேங்கிறான்.
டயர் நாலும் புதுசு, தெரியுமா?"
தெரியாது என்றேன்.
ஐம்பது யூரோ நோட்டுகள் இரண்டு,
பிறகு இருபதுகள், பத்துகள்,
கடைசியில் உள்ளங்கைச் சூட்டோடு சில்லறை.
எண்ணினேன். சரியாக இருந்தது.
சரியாக இருந்ததற்கு ஏனோ
நன்றி சொன்னேன்.

வில்லையை மார்புப் பையில் வைத்து
பட்டன் போட்டுக்கொண்டு போனாள்.

என் முதுகுக்குப் பின்னால் வாகன நிறுத்தம்.
முதல் சாவிக்கு இருமியது,
இரண்டாவதுக்குக் கிளம்பியது.
திறந்திருந்த ஜன்னல் வழியே
டீசல் வாடை உள்ளே வந்து
பாரங்களின் மேல் உட்கார்ந்தது.

நான் எழுந்து சாத்தவில்லை.