கீழ் இடது மூலை

இரவு இரண்டு மணிக்கு
பாத்ரூம் கதவின் அடியில்
ஒரு வெள்ளைக் கோடு.

முதல் நாள் நான் கேட்கவில்லை.
இரண்டாம் நாள் கேட்டேன்:
"கண்ணாடி லைட்ட அணைக்காமத்தானே வந்து படுத்தீங்க?"
யோகமூர்த்தி போர்வைக்குள்ளிருந்து
"கடைசியாப் போனது நீ" என்றார்.
அதன்பிறகு பேச்சு கரண்ட் பில்லுக்குப் போய்
அறுபது யூனிட்டைத் தாண்டி
என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுத்த
காப்புச் சோடியில் வந்து நின்றது.

கொட்டகலையில் ஐப்பசி.
ஜன்னல் இடுக்கால் பனி வந்து
துவாயில் உட்கார்ந்துகொள்ளும்,
எழுந்து போகாது.

கண்ணாடி என் சீட்டுப் பணத்தில் வந்தது.
முகத்தைச் சுற்றி வெளிச்சம் வேண்டும் என்றேன்.
எதுக்கு என்று அவர் கேட்டதற்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அது துடிக்கத் தொடங்கியது,
கண்ணில் தூசு விழுந்த பிள்ளை மாதிரி.
அவர் அரைத் தாடியோடு வெளியே வந்தார்.
போன் டோர்ச்சை நான் பிடிக்க
மறுபாதியை மழித்தார்.
"நேராப் பிடி."
"நேராத்தான் பிடிச்சிருக்கேன்."
அவ்வளவு கிட்டத்தில் நின்றும்
காப்பைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெயினை நிறுத்தினோம்.
டெஸ்டரை வைத்தேன்: எரியவில்லை.
நம்பாமல் இன்னொரு தரம் வைத்தேன்.
கண்ணாடியை முதலில் மேலே தூக்க வேண்டும்,
பிறகுதான் முன்னால் இழுக்க வேண்டும்.
மாற்றிச் செய்தால் ஆணி
சுவரைப் பெயர்த்துக்கொண்டு வரும்.
வந்தது.

கட்டிலில் கவிழ்த்துப் போட்டோம்.
முதுகில் கறுப்புப் பூச்சு, ஓரம் அரித்திருந்தது.
சிகரெட் பெட்டி அளவில் ஒரு டப்பா,
அதன் வாயில் பச்சையாய்க் களிம்பு.
இதற்குப் பெயர் டிரைவர் என்றேன்.
"எங்க ஓட்டுது?" என்றார்.
சிரிப்பு வந்தது,
காட்டிக்கொள்ளவில்லை.

அட்டனில் நிஸ்தார் நானா கடையில்
பழையதைக் காட்டிப் புதியது வாங்கினேன்.
வீட்டில் பிரித்தால் இருபத்துநாலு வோல்ட்.
எங்களுடையது பன்னிரண்டு.
மறுபடி பஸ், மறுபடி அந்த வளைவெல்லாம்.
"நம்பரப் பாக்காமக் குடுத்துட்டேன் டீச்சர்"
என்று மாற்றித் தந்தார்,
ஒரு இஞ்சி பிஸ்கட்டும்.

பூட்டியதும் துடிப்பு நின்றது.
இரவு இரண்டு மணிக்கு
கதவின் அடியில்
அதே வெள்ளைக் கோடு.

இந்தத் தரம் இருவரும் எழுந்து போனோம்.
கண்ணாடி தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது.
விரல் வைக்கிற சின்ன வட்டத்தின் மேல்
ஒரு நீர்த்துளி,
இறங்குவதா வேண்டாமா என்று நின்றது.
அவர் கட்டைவிரலால் துடைத்தார்.
அணைந்தது.
குளிரில், ஒரே சால்வைக்குள்
இருட்டைப் பார்த்தபடி காத்திருந்தோம்.
பத்து நிமிடம் இருக்கும்.
எரிந்தது.

"ஆளப் பிடிச்சாச்சு" என்றார்.
இத்தனை இரவும் வந்து
தொட்டுவிட்டுப் போனது பனி.
அதற்கு யூனிட் கணக்குத் தெரியாது.
எங்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் அந்த வட்டத்தின் சென்சரை வெட்டியெடுத்தேன்.
சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு,
முறுக்கி டேப் சுற்றினேன்.
இனிச் சுவர் சுவிட்சுக்கு மட்டும்தான் கட்டுப்படும்.
ஓரமெல்லாம் சிலிக்கன் பூசினேன்,
மேல் பக்கம் கோணலாகிவிட்டது.

கீழ் இடது மூலையில் மூன்று பல்ப் எரியவில்லை.
ஒன்று போனால் கூட இருக்கும் இரண்டும் போகும்,
அப்படித்தான் கோர்த்திருக்கிறார்கள்.
அந்தத் துண்டை வெட்டி வேறு ஒட்டலாம்,
பெரிய செலவில்லை.
விட்டுவிட்டேன்.

இப்போது அவருடைய இடது தாடையில்
தினமும் ஒரு பொட்டு அளவு
மழிபடாமல் நிற்கிறது.
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது
சில நாள் சொல்வேன்.
சில நாள் சொல்லமாட்டேன்.