ஆறும் நாலும்

பதினான்கு ஸ்லைடு போட்டிருந்தேன்.
ஒன்பதாவதில் ஒரு வட்டம்
மெல்லச் சுழன்று துண்டு துண்டாய் விரியும்;
அதற்கு மட்டும் ஒரு ராத்திரி போனது.

பேரணாம்பட்டில் அன்று நூற்றியெட்டு டிகிரி.
ஷூ கம்பெனியின் மாடி அறை.
ஜன்னல் வழியே பதனிட்ட தோலின் வாடை.
முக்தார் சாஹிப், அவர் மகன் அனீஸ்,
கணக்கர் வேதாசலம்,
கதவோரம் நின்றபடி ஸ்டோர் ஏகாம்பரம்.
பத்து நிமிஷம் என்றார்கள்.
திரையில் எங்கள் பெயர் வந்தது.
கரண்ட் போனது.

ஜெனரேட்டர் தையல் ஹாலுக்கு மட்டும்தானாம்.

செத்த பாம்பைப் பிடித்தவன் மாதிரி
ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
சுகிர்தா எழுந்தாள்.
அவள் எழக் கொஞ்சம் நேரமாகும்.
அந்த நேரத்தை எல்லோரும் பார்த்தார்கள்.
குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில்
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த அரிசிச் சாக்கை,
கேட்டும் எனக்கு இன்னதென்று சொல்லாத சாக்கை,
மேஜைமேல் கவிழ்த்தாள்.

செருப்பு. ஷூ. மறுபடி செருப்பு.
பள்ளிக்கூடத்துக் கறுப்பு,
அக்கா கல்யாணத்துத் தங்கச் சரிகை,
வேலைக்குச் சேர்ந்த வருஷத்துப் பழுப்பு.
ஒன்றின் அடியிலும் மண் இல்லை.
நாப்தலின் உருண்டை ஒன்று ஓடிப்போய்
சாஹிபின் டம்ளரில் முட்டி நின்றது.
செருப்பு விற்றுச் சாப்பிடுகிற இடம்தான்;
இருந்தாலும் வேதாசலம்
தன் பேரேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் வலது கால் ஆறு. இடது நாலு.
மூணு வயசுல வந்த காய்ச்சல்.
ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஜோடி வாங்குறேன் சார்.
ரெண்டுக்கும் காசு குடுத்து
அதுல ஒண்ணு இதுல ஒண்ணு போட்டுக்கிறேன்.
இது மிச்சம். இருபத்தாறு வருஷ மிச்சம்.
ஜோடிக்கு வேணாம்,
காலுக்கு விலை போடுங்க."

அவ்வளவுதான்.
இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கேட்கவேண்டியதை வேதாசலம்தான் கேட்டார்:
"அப்ப நின்னுபோற ஒத்தையை
யார் தலையில கட்டறது?"
சொன்னது தன் காதிலேயே விழுந்து
கொஞ்சம் நெளிந்தார்.

குவியலில் தேடினாள்.
இடது ஆறு ஒன்று. வலது நாலு ஒன்று.
இரண்டும் ஒரே வருஷத்துக் கறுப்பு.
பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
"இது ஜோடி சார்.
எனக்கு நேர் மாறா ஒருத்தி இருப்பா.
அவ வீட்டுலயும் இப்படி ஒரு சாக்கு இருக்கும்.
அதுல இருக்கிற எல்லாம்
எனக்குச் சரியா இருக்கும்."

மின்விசிறி நின்ற அறையில்
யாரும் விசிறிக்கொள்ளவில்லை.

"அப்படி யாரையாவது பார்த்திருக்கீங்களா?" அனீஸ்.
"இல்ல.
தேடறதுக்கு எங்கிட்ட கடை இல்ல."

அப்போதுபோய் கரண்ட் வந்தது.
ப்ரொஜெக்டர் கண் விழித்து
என் முதல் ஸ்லைடை அவள் முதுகில் போட்டது:
வளர்ச்சிக்கான வாய்ப்புகள்.
நான் எட்டி லேப்டாப்பை மூடினேன்.

சாஹிப் அந்த உருண்டையை
விரலால் இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்தார்.
"பக்ரீத் முடியட்டும்மா" என்றார்.
டீ வந்தது, உப்பு பிஸ்கட் வந்தது.
சாக்கில் அள்ளிப் போட ஏகாம்பரம் உதவினார்,
ஒவ்வொன்றையும் அடி திருப்பி
நம்பர் பார்த்துவிட்டு.

திரும்பும் பஸ்ஸில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினோம்.
"ஒன்பதாவது ஸ்லைடு நல்லா இருந்துச்சு" என்றாள்.
அவள் பொய் சொன்னால்
மிளகாய்த்தூளைத்தான் பார்ப்பாள்.

ராத்திரி ஒன்பதரைக்கு அவளுக்குப் போன். ஏகாம்பரம்.
"யம்மா, நம்ம அட்டைப்பெட்டி மேல
நம்பர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு.
ஆறையும் நாலையும் எப்படி எழுதறது?"

யார் கேட்கச் சொன்னது என்றாளாம்.

"யாரும் சொல்லல.
தூக்கம் வரல, அதான்."